மூன்றாவது தீபாவளிக்குத்தான் லேகியம் கைகூடியது

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் கடைத்தெருவில் சின்னப் பட்டறை. தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எது போனாலும் என்னிடம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் எரிந்து வருவதைவிட நனைந்து வருவதுதான் அதிகம். நனைந்த காயிலைக் காயவைத்து, மெக்கர் என்ற மின்காப்புச் சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, ஈரம் போய்விட்டது என்று முள் சொன்ன பிறகுதான் கரண்ட் கொடுப்பேன். இப்படிப்பட்டவன் ஒரு ஜாடி தீபாவளி லேகியத்தை ஈரத்தால் கெடுத்தேன். அதற்கு முந்தின வருஷம் எடையால் கெடுத்தேன். இரண்டையும் சொல்லிவிட்டு, 2025இல் ஒழுங்காக வந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் லேகியம் அப்பாயி கை, அதாவது அப்பாவின் அம்மா. எண்பது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது, உருளியில் துடுப்பு பிடித்துக் கிளற முடியாது. என் மனைவிக்குத் திப்பிலி நெடி ஏறினாலே தும்மல் நிற்காது. "ஏங்க, மோட்டாரைப் பிரிக்கிறீங்க, இதைப் பிரிச்சுச் சேக்க மாட்டீங்களா?" என்று தள்ளிவிட்டாள். 2023இல் நான் இறங்கினேன்.

அப்பாயிக்குக் கிராம் கிடையாது. எல்லாம் ரூபாய் எடை. "சுக்கு மூணு ரூவா எடை, ஓமம் மூணு, மல்லி மூணு, மொளகு ரெண்டு, சீரகம், அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை ஒவ்வொண்ணும் ஒரு ரூவா எடை." எழுதிக்கொண்டேன். வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு உண்டு. சட்டைப் பையிலிருந்த ஒரு ரூபாய் நாணயத்தை அதில் வைத்தேன், நாலு கிராம்கூட வரவில்லை. அதை மூன்றால் பெருக்கிச் சுக்கு எடுத்தேன். மற்றதும் அதே கணக்கு. வெல்லம் மட்டும் அப்பாயி சொன்னபடி கால் கிலோ.

வந்தது லேகியம் இல்லை, கருப்பு அல்வா. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்பாயி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "தம்பி, நீ எந்த ரூவாயில நிறுத்த?"

அப்பாயியின் ரூபாய் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். அது ஒரு தோலா, 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை என்றால் 35 கிராம். சித்த மருத்துவக் கணக்கில் அதுதான் ஒரு பலம். ஆக, மருந்துச் சரக்கு மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் 'ரூபாய் எடை' என்று சொல்லக் கேட்டு எழுதி வைத்திருப்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2024இல் எடை சரியாக இருந்தது. காரம் சரி, பதமும் பார்ப்பதற்குச் சரி. தீபாவளி அக்டோபர் 31. நவம்பர் பாதியில் ஜாடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சணம், பூனை முடி மாதிரி. அப்பாயி, "மேலாப்ல வழிச்சுப் போட்டுட்டுச் சாப்புடு, ஒண்ணும் செய்யாது" என்றது. நான் ஜாடியோடு கொல்லையில் கொண்டுபோய்க் குழி வெட்டிக் கொட்டினேன். அன்றைக்கு இருவருக்கும் பேச்சு இல்லை. பூஞ்சணத்தில் சில வகை நஞ்சு விடும். அந்த நஞ்சு நாம் அடுப்பில் காட்டும் சூட்டுக்கு அசையாது, மேலே வழித்தாலும் உள்ளே இறங்கியது போகாது. மருந்தென்று சாப்பிடும் பொருளில் இந்தச் சமரசம் வேண்டாம்.

பட்டறையில் கெட்டுப்போன மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதுபோல உட்கார்ந்து யோசித்தேன். மூன்று இடத்தில் ஈரம் நுழைந்திருக்கிறது. ஒன்று, சரக்கு வாங்கியதே மழை பிடித்த பிறகு. கடைச் சாக்கிலேயே ஈரம் குடித்த ஓமமும் மல்லியும் அப்படியே வாணலிக்கு வந்தன. இரண்டு, பாகு கம்பிப் பதம் வருமுன்னே பொடியைக் கொட்டிவிட்டேன். மூன்று, ஜாடியைக் கழுவி ஈரத் துண்டால் துடைத்து அப்படியே நிரப்பியிருக்கிறேன். டெல்டாவில் ஐப்பசி மழையில் துணியே மூன்று நாள் காயாது. பீங்கான் ஜாடி எப்படிக் காயும்?

அதனால் 2025க்குப் புரட்டாசியிலேயே வேலையை ஆரம்பித்தேன். தீபாவளி அக்டோபர் 20, சீக்கிரம் வந்த வருஷம். வெயிலை நம்பாமல் ஒரு காயவைக்கும் பெட்டி செய்தேன். எங்கள் தொழிலில் நனைந்த மோட்டாரைத் தகர டிரம்மில் போட்டு, உள்ளே 100 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டு மூடி வைப்போம். அதே யுக்திதான். ஆனால் பட்டறை டிரம்மை எடுத்துவிட வேண்டாம், அதில் வார்னிஷ் வாடை ஊறிப்போயிருக்கும்.

ப்ளைவுட்டில் இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் பெட்டி. அடியில் பீங்கான் ஹோல்டரில் ஒரு 60 வாட், ஒரு 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சூடு வராது. இப்போது குண்டு பல்பு கிடைப்பதே அபூர்வம். கும்பகோணத்தில் ஒரு பழைய எலக்ட்ரிக் கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பல்புக்கு மேலே அரை அடி விட்டு ஒரு எவர்சில்வர் தட்டு. மேலிருந்து ஒரு ஓமம் உதிர்ந்து பல்பில் விழுந்தாலும் கருகி, எல்லாவற்றிலும் புகை வாடை ஏறிவிடும். அதற்கு மேல் மூன்று அடுக்கு எவர்சில்வர் சல்லடைத் தட்டு. கீழே பக்கவாட்டில் நாலு ஓட்டை, மேலே பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன், காற்றை வெளியே இழுக்கும்படி. இந்த ஃபேன்தான் முக்கியம். முதலில் ஃபேன் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், பெட்டிக்குள் சூடு இருந்தது, கதவின் உள்பக்கம் வியர்த்துக்கொண்டது. ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் அது காயவைப்பது இல்லை, அவிப்பது.

இரண்டு பல்பும் எரிந்தபோது உள்ளே 57 டிகிரி காட்டியது. 60 வாட் மட்டும் போட்டால் 45 பக்கம். நான் 45இல் நிறுத்திக்கொண்டேன். ஓமத்தின் வாசனை தைமால் என்ற எண்ணெய்ச் சத்து, சூடு அதிகமானால் அது காற்றோடு போய்விடும். வீடெல்லாம் ஓம வாசனை மணக்கிறது என்றால் அந்த அளவு மருந்திலிருந்து குறைந்துவிட்டது என்று அர்த்தம். 40 வாட் பல்பு ஜாடி காயவைக்க மட்டும் என்று ஆனது.

சரக்கு வாங்கியது கும்பகோணம் பெரிய கடைத்தெருவில், ஒரு நாட்டு மருந்துக் கடையில். அப்பாயி வரமுடியாது என்பதால் பாடம் மட்டும் கூட வந்தது. ஓமத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர வேண்டும், மூக்கு சுருங்க வேண்டும். திப்பிலியை ஒடித்து நுனி நாக்கில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போக வேண்டும். சுக்கு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சு, அது வேண்டாம். கோணல்மாணலாக, மண் நிறத்தில், உடைத்தால் டக்கென்று ஒடிகிற சுக்கு போதும். உடைத்த இடத்தில் மாவு உதிர்ந்தால் வண்டு இருக்கிறது.

மிளகுக்குத்தான் அதிக விசாரணை. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனால் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வருகிற குடும்பம், மிளகு விஷயத்தில் அப்பாயியை ஏமாற்ற முடியாது. வாங்கி வந்ததும் ஒரு பிடியைச் சொம்புத் தண்ணீரில் போடச் சொன்னது. நல்ல மிளகு அடியில் உட்காரும், பப்பாளி விதையும் பொக்கு மிளகும் மிதக்கும். நாலைந்து மிதந்தன. எடுத்து நசுக்கிப் பார்த்தேன், பொக்குதான், பப்பாளி இல்லை. நனைத்த அந்தப் பிடி ரசத்துக்குப் போனது. மருந்துக்கு நனையாதது மட்டும்.

வெல்லம் கரும்பழுப்பு. எங்கள் பக்கம் பொங்கலுக்கு முன்னால் கரும்பு ஆடி அச்சு வெல்லம் காய்ச்சுவார்கள். பார்க்கப் பொன்னாக மின்னுகிற வெல்லத்தில் நிறம் வெளுக்க ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டிருக்கலாம். கறுத்த வெல்லத்தை வாங்கப் போனால் கடைக்காரரே, "இது பாக்க நல்லா இருக்காதே சார்" என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

சுக்குத் தோலைச் சுரண்டாமல் போடக்கூடாது. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது எல்லார் வீட்டிலும் கேட்டதுதான். சுக்குக்கு மேல்தோல் ஆகாது, கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டை ஆகாது. மழுங்கின கத்தியால் சுரண்டினேன். மண்ணும் நாருமாக வந்ததைப் பார்த்தால் பழமொழி சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் காரச்சத்து ஷோகால் என்ற வேறொரு காரமாக மாறுகிறது, அது பச்சை இஞ்சியைவிட உறைப்பு. அதனால் சுக்குக்குப் பதில் இஞ்சி போடலாமா என்று கேட்டால், போடலாம், அது இஞ்சி லேகியம். வேறு சுவை, வேறு பதம், சீக்கிரம் கெடும்.

எல்லாம் சேர்த்து 15 ரூபாய் எடை, 175 கிராம். தனித்தனியாகத் தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மொத்தத்தையும் நிறுத்தேன். 175 இருந்தது 168 ஆனது, பிறகு 164, பிறகு 162. அடுத்த இரண்டு மணி நேரத்திலும் 162. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. மெக்கர் இல்லாதவனுக்குத் தராசுதான் மெக்கர். 13 கிராம் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. போன வருஷம் அந்த ஈரம் முழுக்க ஜாடிக்குள் போயிருக்கிறது.

மல்லி, சீரகத்தை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்தேன். ஓமம், மிளகை அடுப்பை அணைத்த வாணலிச் சூட்டில் ஒரு புரட்டு. திப்பிலி இரண்டும் சித்தரத்தையும் வறுக்கவில்லை.

இனி எனக்கு நேர்ந்த அவமானம். மாதத்துக்குப் பத்து மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன் சித்தரத்தையை முழுசாக மிக்ஸியில் போட்டேன். அது மரக்கட்டை. பிளேடு மாட்டிக்கொண்டு உறுமியது, ஓவர்லோட் விழுந்து நின்றது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மறுபடி எழுப்பினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சுக்கு, சித்தரத்தை, கண்டந்திப்பிலிக் குச்சி மூன்றையும் இரும்பு உரலில் தட்டி, பட்டாணி அளவுக்குச் சின்னதாக்கிய பிறகுதான் மிக்ஸி. இருபது விநாடி ஓட்டு, ஒரு நிமிஷம் நிறுத்து. விடாமல் ஓட்டினால் ஜாரும் சுடும், பொடியும் சுடும், வாசனை போகும், காயிலும் போகும். பிறகு அதைக் கட்ட என்னிடம்தான் கொண்டுவருவீர்கள்.

அரைத்ததை வஸ்திரகாயம் செய்ய வேண்டும். பாத்திரத்தின் வாயில் மெல்லிய மல் துணியைக் கட்டி, பொடியைக் கொட்டிக் கையால் மெதுவாகத் தேய்த்தால் மாவு மட்டும் இறங்கும். மாவுச் சல்லடை போதாது, கண்டந்திப்பிலி நார் அதில் நழுவி லேகியத்தில் பல்லிடுக்கில் மாட்டும். 138 கிராம் மாவு கிடைத்தது. மேலே நின்ற கப்பியை எறியவில்லை, ஒரு டப்பாவில் இருக்கிறது. சளி பிடித்தால் ஒரு ஸ்பூன் கப்பி, இரண்டு டம்ளர் தண்ணீர், கருப்பட்டி போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்தால் சுக்குமல்லிக் காப்பிக்கு அண்ணன்.

கிளறிய அன்றைக்கு மழை. அப்பாயி அடுப்படி நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. வெண்கல உருளி. 250 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன், அடியில் மணல் நின்றது. மறுபடி அடுப்பில். பாகை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி அறாமல் நிற்க வேண்டும். போன வருஷம் கம்பி வந்து அறுந்ததையே பதம் என்று எண்ணிவிட்டேன். இந்தமுறை மூன்று தரம் பார்த்தேன். அடுப்பைச் சிறுதீயாக்கி, இடது கையால் பொடியைத் தூவிக்கொண்டே வலது கையால் கிளறல். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். உடைக்க உடைக்கப் புதுக் கட்டி பிறக்கும்.

இரண்டு குழிக்கரண்டி நல்லெண்ணெய், பிறகு 100 கிராம் நெய், கொஞ்சம் கொஞ்சமாக. எப்போது ஊற்றுவது என்று கேட்டால் அப்பாயி பதில் சொல்லாது. கண்ணும் சரியாகத் தெரியாது. காதை அடுப்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. முதலில் உருளியில் சளசளவென்று சத்தம். பத்து நிமிஷம் போனதும் அது பொத், பொத் என்று கனத்துக் கேட்டது. "ம், இப்ப ஊத்து." ஊற்றினேன். மறுபடி சளசள. மறுபடி கனத்தது. "இன்னொரு கரண்டி." நான் விரலில் உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அது உட்கார்ந்த இடத்தில் காதால் தெரிந்துகொண்டது. கடைசியில் லேகியம் உருளியை விட்டு ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கசிந்தது. "எறக்கு" என்றது, நான் அதற்கு முன்னால் கையை நீட்டியிருந்தேன். ஒரு சந்தோஷம்.

தேன் ஆறின பிறகு, இரண்டு ஸ்பூன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்த வயிற்றில் முளைத்து நஞ்சு விடும், அதனால் கைக்குழந்தைக்கு நாக்கில் தடவுகிற பழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தியாயிற்று. அதேபோல வசம்பு உரசிப் புகட்டுவதையும். அப்பாயிக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு. வசம்பில் இருக்கும் ஒரு சத்தைப் பார்த்து அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொன்னால், "அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும், உன்னை வளத்ததே அதுதான்" என்கிறது.

அதிமதுரம் எங்கள் பழைய பக்குவத்தில் அரை ரூபாய் எடை உண்டு. நான் எடுத்துவிட்டேன். அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். தொண்டைக்கு என்று தினமும் வாயில் அடக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் கூடவே உள்ளே போகிற மற்றச் சரக்கை உடம்பு அதிகமாக இழுத்துக்கொள்ளச் செய்யும். மஞ்சளோடு மிளகு சேர்ப்பது அதனால்தான். அதே வேலையைச் சில இங்கிலீஷ் மாத்திரைகளுக்கும் அது செய்யும். தினசரி மாத்திரை இருப்பவர் லேகியத்தை மாதக்கணக்கில் தொடர்வதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. அவ்வளவுதான் இதன் வேலை. முறுக்கும் அதிரசமும் இறங்குவதற்கு முன்னால் வயிற்றைத் தயார் செய்வது. குடல்புண் இருப்பவருக்கு இந்தக் காரம் எரிச்சலைத்தான் கூட்டும்.

இதை இத்தனை தூரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 சம்பாவில் சித்தப்பா மகன் வயல் தண்ணீரில் நின்று வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தான். நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டிருந்தான், நானும் காய்ச்சிக் கொடுத்தேன். அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு, தப்பான மருந்து ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கண் சிவந்து, கெண்டைக்கால் சதையைத் தொடவிடாமல் கத்தினான். எலிக்காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. ஆன்டிபயாடிக் போட்டுப் பிழைத்தான். அந்த இரண்டு நாளை என் கஷாயம்தான் தின்றது. வயல் தண்ணீரில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், வண்டியை எடுங்கள்.

பெட்டி வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. வேலியோர ஆடாதோடை இலையை நிழலில் காயவைப்பதற்குப் பதில் 40 டிகிரியில் வைத்தேன், பச்சை மாறாமல் காய்ந்தது. டாக்டர் சளிக்கு எழுதித்தருகிற ப்ரோம்ஹெக்சின் இந்த இலையின் வாசிசின் என்ற சத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். எட்டிக் கசப்பு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடாது. தூதுவளை அவ்வளவு சரியாக வரவில்லை, முள்ளோடு காய்ந்து பொடிக்கும்போது கையைப் பதம் பார்த்தது. அது பச்சையாகத் துவையலுக்கே இருக்கட்டும். கற்பூரவல்லி தடித்த இலை, ஒரு நாள் முழுக்க ஓடியும் நடுவில் ஈரம். கரண்ட் வீண். தொட்டியில் இருக்கிறது, வேண்டும்போது நாலு கிள்ளிக்கொள்ளலாம்.

ஜாடியை வெந்நீரில் கழுவி, பெட்டியில் இரண்டு பல்பும் போட்டு ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு நிரப்பினேன். ஜாடிக்குள் ஒரு மரக்கரண்டி, வேறு கரண்டி உள்ளே போகக்கூடாது என்று வீட்டில் சட்டம். கார்த்திகை கடைசியில் திறந்தேன். பூஞ்சணம் இல்லை, புளிப்பு வாடை இல்லை, மேலே நெய் ஒரு மெல்லிய ஆடையாக உறைந்திருந்தது. அப்பாயிக்கு ஒரு துளி கொடுத்தேன். நாக்கில் வைத்து, வெகுநேரம் சப்பி, "ஓமம் ஒரு குந்துமணி தூக்கல்" என்றது.

வெளியே மழை நிற்கவில்லை. மிச்சமிருந்த நொச்சி இலையைக் காயவைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், மூன்று தட்டிலும் வரிசையாகப் பிள்ளைகளின் பள்ளிக்கூட சாக்ஸ்.